அத்தியாயம் 6: வாசல் கேமராவின் ஸ்ட்ரீமும் பதிவும்

கேமராவைச் சுவரில் மாட்டியாகிவிட்டது, கைப்பேசியில் படமும் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று பெரும்பாலோர் இந்த இடத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் பெட்டியிலிருந்து வரும் அமைப்புகள் கடை மேசையில் படம் பளிச்சென்று தெரிவதற்காக வைக்கப்பட்டவை. தோ பாயோவின் பழைய புளோக் ஒன்றில் உள்ள நீண்ட தாழ்வாரமும், அதன் இரவு விளக்கும், வாசலில் எரியும் காமாட்சி விளக்கும் அந்தக் கேமராவுக்குப் புதிது. வாசலில் வைத்த பார்சல் காணாமல்போய்ப் பதிவைத் தேடும் நாளில்தான் குறை தெரியும். ஆள் இருப்பார், முகம் இருக்காது. முகம் இருந்தால் நேரம் தவறாக இருக்கும். இரண்டும் சரியாக இருந்தால், அந்த நாளின் பதிவு அழிந்திருக்கும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: பார்ப்பது வேறு வேலை, பதிந்து வைப்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே அமைப்பை வைத்தால் இரண்டும் கெடும். எடுத்துக்காட்டுக்கு லோரோங் 8-இல், வைரவிமட காளியம்மன் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு மூவறை வீட்டை வைத்துக்கொள்வோம். வாசலுக்கு ஒரு கேமரா, கூடத்தில் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள இன்னொன்று. கேமராவின் பிராண்டு எதுவானாலும் மெனுவில் வரும் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றே.

1. கேமரா எதைப் பார்க்கலாம்?

வீவக வீட்டின் வெளித்தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு முன்பெல்லாம் அனுமதி கேட்டாக வேண்டியிருந்தது. 2023 மே மாதம் முதல் வீட்டு உரிமையாளர்கள் வீவகவிடமோ நகர மன்றத்திடமோ அனுமதி கேட்காமல் மாட்டலாம். ஆனால் கேமரா அடுத்த வீட்டின் கதவையோ சன்னலையோ நேராகப் பார்க்கக்கூடாது. 1960களில் எழுந்த நீளமான புளோக்குகளில் இது லேசான நிபந்தனை அல்ல. ஒரே தாழ்வாரத்தில் வரிசையாகக் கதவுகள் இருப்பதால், கேமராவைச் சற்றுத் திருப்பினாலே பக்கத்து வீடு படத்துக்குள் வந்துவிடும்.

எனவே கோணத்தைத் தாழ்வாரத்தின் நீளத்துக்கு வைக்காமல் உங்கள் கேட், செருப்பு அலமாரி, அதன் முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடம் ஆகியவை விழும்படி கீழ்நோக்கி வையுங்கள். ஓரத்தில் அடுத்த வீடு எட்டிப்பார்த்தால் ‘பிரைவசி மாஸ்க்’ பகுதியில் அந்த இடத்தைக் கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் இந்த மறைப்பு நேரலையில் மட்டுமின்றிப் பதிவிலும் ஏறிவிடும். ஒரு சிறு துண்டைப் பதிந்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

“தம்பி, நான் துணி எடுக்க வர்றது உன் கேமராவில தெரியுமா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், விதிமுறையை விளக்கிக்கொண்டிருக்காமல் கைப்பேசியை நீட்டிவிடுங்கள்: “நீங்களே பாருங்கக்கா, உங்க பக்கம் முழுக்கக் கறுப்பா இருக்கு.”

வாசல் கேமராவில் ஒலிப்பதிவை அணைத்துவிடுவது நல்லது. தாழ்வாரத்தில் நடப்பவர்களின் பேச்சு உங்களுக்குத் தேவையில்லை. கூடத்தில் கேமரா வைக்கும்போது, வீட்டில் பணிப்பெண் இருந்தால் கேமரா எங்கெங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தூங்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் குளியலறையிலும் வைக்கவே கூடாது.

2. முதலில் கடிகாரம், அடுத்து மின்சாரம்

படத்தின் தரத்தைத் தொடும் முன் இரண்டு சிறு அமைப்புகளைச் சரிசெய்யுங்கள்.

நேர மண்டலத்தை ஜிஎம்டி +8 என்று வைத்து, ‘என்டிபி’ மூலம் நேரம் தானாகச் சரியாகும்படி செய்யுங்கள். கோடைகால நேர மாற்றம் என்று ஒரு பெட்டி டிக் செய்யப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்; சிங்கப்பூரில் அது கிடையாது. தேதியும் நேரமும் படத்தின் மேல் தெரியும்படி வையுங்கள். 2012-இல் தொடங்கி 2016-க்குள் ஏறத்தாழ 10,000 வீவக புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் காவல்துறை தன் கேமராக்களைப் பொருத்தி முடித்தது. நீங்கள் புகார் கொடுத்தால் உங்கள் வாசல் பதிவையும் கீழ்த்தளத்தில் பதிவானதையும் ஒப்பிட வேண்டி வரலாம். உங்கள் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தால், தேடுபவர் தவறான ஏழு நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது ‘ஆன்டி-ஃபிளிக்கர்’ அல்லது ‘வீடியோ ஸ்டாண்டர்ட்’. சிங்கப்பூரின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எனவே 50 ஹெர்ட்ஸ் அல்லது ‘பால்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 60 ஹெர்ட்ஸில் விட்டால் தாழ்வார விளக்கின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். அது கண்ணுக்கு எரிச்சல் மட்டுமல்ல. கேமரா அந்த நிழலை அசைவு என்று எண்ணி இரவெல்லாம் பதிந்துகொண்டிருக்கும்.

3. இரண்டு ஸ்ட்ரீம், இரண்டு வேலை

ஏறக்குறைய எல்லா நெட்வொர்க் கேமராவும் ஒரே காட்சியை இரண்டு ஸ்ட்ரீம்களாக அனுப்பும். ‘மெயின் ஸ்ட்ரீம்’ பெரிய படம். அது மெமரி கார்டுக்கோ ரெக்கார்டருக்கோ போக வேண்டும். ‘சப் ஸ்ட்ரீம்’ சிறிய படம், அது கைப்பேசிக்கு.

பலர் கைப்பேசியில் படம் தெளிவாக வர வேண்டும் என்று நேரலைக்கும் மெயின் ஸ்ட்ரீமையே வைத்துவிடுகிறார்கள். எம்ஆர்டியில் போகும்போது படம் சுற்றிக்கொண்டே நிற்க, கேமராவின் தரத்தைக் குறைக்கிறார்கள். குறைவது மெயின் ஸ்ட்ரீம்; அதோடு பதிவும் மங்கிப்போகிறது. கைப்பேசித் திரையில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். சப் ஸ்ட்ரீமை 640×360, நொடிக்கு 10 ஃபிரேம், 300 முதல் 500 கேபிபிஎஸ் என்று வைத்தால் சிக்னல் பலவீனமான இடத்திலும் உடனே திறக்கும். இனி இந்த அத்தியாயத்தில் தரம் என்று வருவதெல்லாம் மெயின் ஸ்ட்ரீமைப் பற்றியது.

4. ரெசல்யூஷன்: முகத்துக்கு எத்தனை புள்ளி?

நான்கு மெகாபிக்சலா, எட்டா என்று சிம் லிம் ஸ்குவேரில் கேட்பதற்கு முன், படத்தின் அகலத்தில் எத்தனை மீட்டர் விழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். கண்காணிப்பு கேமராக்களுக்கான அனைத்துலகத் தரநிலையான ஐஇசி 62676-4, அதன் 2014 பதிப்பில் ஒரு பயனுள்ள அளவைத் தந்தது. அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். தெரிந்த ஒருவரை இன்னார் என்று சொல்ல 125 போதும். யாரோ இருக்கிறார் என்று மட்டும் தெரிய 25 போதும்.

1080பி படத்தின் அகலம் 1920 பிக்சல். அதை 250-ஆல் வகுத்தால் 7.68 மீட்டர் வரும். அதாவது காட்சியின் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டாதவரை 1080பி முகத்தைத் தரும். வாசல் முன்னால் நமக்குத் தேவையான அகலம் மூன்று, நான்கு மீட்டர்தான். ஆக வாசலுக்கு 1080பி தாராளம். எட்டு மெகாபிக்சலின் கூடுதல் புள்ளிகள் இடத்தைத் தின்னும், இருட்டில் புள்ளிபுள்ளியாகவும் இரையும்.

உங்கள் வீடு தாழ்வாரத்தின் கடைக்கோடியில் இருந்து, எதிரே உங்கள் சுவர் மட்டும் நீள்கிறது என்றால், ‘காரிடார் மோட்’ என்ற அமைப்பைத் தேடுங்கள். கேமராவை 90 டிகிரி திருப்பி மாட்டி இதை இயக்கினால் படம் நின்ற வாக்கில் வரும். படுத்த படத்தில் இருபுறச் சுவருக்கு வீணாகும் பிக்சல்கள் நடைபாதையின் நீளத்துக்குப் பயன்படும். வழியில் பிறர் கதவு இருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

5. ஃபிரேம் ரேட்டும் ஷட்டரும்

நொடிக்கு 25 ஃபிரேம் வைத்தால்தான் தெளிவு என்று நினைக்க வேண்டாம். சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் போகிறார். மூன்று மீட்டர் காட்சியைக் கடக்க அவருக்கு இரண்டு நொடி ஆகும். 15 ஃபிரேமில் அவரை 30 முறை படமெடுத்துவிடுகிறோம். அதற்கு மேல் வாசலுக்குத் தேவையில்லை.

முகம் மங்குவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ஷட்டர். இருட்டில் ‘ஆட்டோ’ ஷட்டர் 1/25 நொடிவரை திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் நடப்பவர் 5.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். மீட்டருக்கு 250 பிக்சல் என்ற கணக்கில் அது 14 பிக்சல். அந்த அளவில் முகம் மொத்தமே ஏறத்தாழ 40 பிக்சல்தான், அதில் 14 இழுபட்டால் மூக்கும் கண்ணும் ஒன்றாகிவிடும். ஷட்டரை 1/100-ஆக மாற்றினால் இழுபடுவது மூன்றரை பிக்சலாகக் குறையும். படம் சற்று இருண்டிருக்கும், ஆனால் முகம் முகமாக இருக்கும். 1/100 மிகவும் இருட்டென்றால் 1/50-இல் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த இரண்டிலும் பட்டை நிழல் வராது.

இரவு அமைப்பில் இன்னொன்று. தாழ்வார விளக்கு இரவு முழுதும் எரிந்தால் கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, ‘கலர்’ நிலையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். அகச்சிவப்பு ஒளி பக்கத்தில் இருக்கும் கேட்டிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கவைக்கும். அருகில் பறக்கும் பூச்சியும் அதில் பளிச்சிடும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடி முன்னால் கட்டிய ஒற்றை இழை இரவில் மின்னல்போல் தெரியும். பகலில் தாழ்வாரத்தின் உட்பக்கம் இருண்டும் வெளிப்பக்கம் வானம் கொளுத்தியும் இருக்கும். அதற்கு ‘டபிள்யூடிஆர்’ அமைப்பை இயக்குங்கள். ‘3டி டிஎன்ஆர்’ எனப்படும் இரைச்சல் நீக்கத்தை நடு அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். சுவர் பளிங்காகத் தெரியும், நடப்பவர் முகமோ மெழுகாக உருகும்.

6. கோடெக், பிட்ரேட், ஐ-ஃபிரேம்

எச்.264 என்பது 2003-இல் வந்த தரம், எச்.265 என்பது 2013-இல் வந்தது. ஒரே தரமான படத்துக்குப் பின்னதற்கு ஏறக்குறையப் பாதி இடம் போதும். உங்கள் ரெக்கார்டரும் கணினியும் அதைத் திறக்கும் என்றால் மெயின் ஸ்ட்ரீமுக்கு எச்.265-ஐ வையுங்கள். சப் ஸ்ட்ரீமை எச்.264-இலேயே விட்டுவிடுங்கள், பழைய கைப்பேசியிலும் திறக்கும்.

பிட்ரேட் என்பது கேமராவுக்கு நீங்கள் தரும் நொடிச் செலவுப் பணம். நிலையான பிட்ரேட், அதாவது ‘சிபிஆர்’, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகையைச் செலவழிக்கும். மாறும் பிட்ரேட், அதாவது ‘விபிஆர்’, தாழ்வாரம் வெறிச்சோடியிருக்கும்போது மிச்சம் பிடித்து, அசைவு வரும்போது செலவழிக்கும். வாசலுக்கு விபிஆர் ஏற்றது. உச்சவரம்பை மட்டும் மறக்காமல் குறியுங்கள். 1080பி, 15 ஃபிரேம், எச்.265 என்றால் 1.5 எம்பிபிஎஸ் உச்சத்தில் தொடங்கலாம்.

‘ஐ-ஃபிரேம் இன்டர்வல்’ என்பதைப் பலரும் தொடுவதில்லை. கேமரா முழுப்படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அடுத்துச் சில நொடிகளுக்கு மாற்றத்தை மட்டும் அனுப்புகிறது. அந்த முழுப்படம்தான் ஐ-ஃபிரேம். 15 ஃபிரேம் ஓட்டத்தில் இடைவெளியை 30 என்று வைத்தால் இரண்டு நொடிக்கு ஒரு முழுப்படம். இதை 150 ஆக்கினால் இடம் மிச்சம், ஆனால் பதிவில் நீங்கள் தேடும் நொடிக்குத் தாவ முடியாது. நேரலையும் திறக்கத் தாமதமாகும். ‘ஸ்மார்ட் கோடெக்’, ‘எச்.265 பிளஸ்’ போன்ற பெயர்களில் வரும் வசதிகளும் இந்த இடைவெளியை நீட்டித்தான் மிச்சம் பிடிக்கின்றன. ரெக்கார்டரும் கேமராவும் வெவ்வேறு பிராண்டாக இருந்தால் அவற்றை அணைத்துவிடுங்கள்.

7. எத்தனை நாள் இருக்கும்?

இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 எம்பிபிஎஸ் வேகத்தில் 24 மணி நேரம் பதிந்தால் 10.8 ஜிபி. மற்றதெல்லாம் இதன் பெருக்கல்.

• வாசல் கேமரா, 1.5 எம்பிபிஎஸ்: நாளுக்கு 16.2 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஏழு நாளுக்குச் சற்று மேல்.
• அதே கேமரா எச்.264-இல் 3 எம்பிபிஎஸ்: நாளுக்கு 32.4 ஜிபி. அதே கார்டில் நான்கு நாள்கூட வராது.
• சிறு கடையின் நான்கு கேமராக்கள், தலா 4 எம்பிபிஎஸ்: நாளுக்கு 172.8 ஜிபி. 30 நாளுக்கு 5,184 ஜிபி. அதாவது 6 டெராபைட் டிஸ்க்.

விபிஆரில் உண்மைச் செலவு இதைவிடக் குறையும். ஆனால் திட்டமிடும்போது உச்சவரம்பை வைத்தே கணக்குப் போடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்ப இரண்டு வாரம் ஆகும் என்றால் ஏழு நாள் கார்டு போதாது. 256 ஜிபி வாங்குங்கள். கார்டில் ‘ஹை என்டியூரன்ஸ்’ என்று எழுதியிருக்க வேண்டும். கைப்பேசிக்கான சாதாரணக் கார்டு இரவு பகலாக எழுதப்படுவதைத் தாங்காது. கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்யாமல் கேமராவின் மெனுவிலேயே செய்து, ‘ஓவர்ரைட்’ அமைப்பை இயக்குங்கள். இல்லையென்றால் கார்டு நிரம்பிய நாளோடு பதிவு நின்றுவிடும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்குள் சொந்தக் காரியத்துக்குப் பதிபவர்மீது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடமை சுமத்துவதில்லை. வியாபாரத்துக்கு அது பொருந்தும். கேமரா இருக்கிறது என்ற அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்டுங்கள், தேவைக்கு மேல் பதிவுகளைச் சேர்த்து வைக்காதீர்கள்.

8. எப்போது பதிய வேண்டும்?

அசைவு வந்தால் மட்டும் பதியும் முறை இடத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் பழைய புளோக்கின் தாழ்வாரத்தில் அசைவுக்குப் பஞ்சமே இல்லை. மின்தூக்கியிலிருந்து கடைசி வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் உங்கள் வாசலைக் கடந்துதான் போவார்கள். போதாதற்கு உங்கள் மாவிலைத் தோரணம், கறிவேப்பிலைச் செடி, பக்கத்து வீட்டு ஊதுபத்திப் புகை, மாலை ஏழு மணிக்கு எரியத் தொடங்கும் தாழ்வார விளக்கு. எல்லாவற்றுக்கும் கைப்பேசி மணியடித்தால் மூன்றாம் நாளே அறிவிப்பை அணைத்துவிடுவீர்கள்.

சரியான வழி இரண்டையும் பிரிப்பது. பதிவைத் ‘தொடர்ச்சி’ என்று 24 மணி நேரமும் ஓடவிடுங்கள். மேலே போட்ட கணக்குப்படி கார்டு அதைத் தாங்கும். அசைவை அறிவிப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கண்டறியும் கட்டத்தை உங்கள் கேட்டுக்கும் அதன் முன்னுள்ள ஒரு மீட்டருக்கும் சுருக்குங்கள். தோரணத்தையும் செடியையும் விளக்கு மாடத்தையும் கட்டத்துக்கு வெளியே விடுங்கள். ‘மனிதர் மட்டும்’ என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். கார்டு சிறியது, அசைவுப் பதிவுதான் வழி என்றால், முன்பதிவை 5 நொடி, பின்பதிவை 20 நொடி என்று வையுங்கள். முன்பதிவு இல்லாவிட்டால் பெரும்பாலும் போகிறவரின் முதுகுதான் கிடைக்கும்.

9. வெளியிலிருந்து பார்க்கும்போது

2016 அக்டோபர் 22, 24 தேதிகளில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலருக்கு இணையம் தடைபட்டது. வீடுகளில் இருந்த, கிருமி புகுந்த வெப்கேமரா, ரௌட்டர் போன்ற கருவிகளே தாக்குதலுக்குப் பயன்பட்டதாக நிறுவனம் பின்னர் விளக்கியது. அதே மாதம் அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்களை முடக்கிய ‘மிராய்’ நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களின் சிறு பட்டியலை வைத்துக்கொண்டே கேமராக்களுக்குள் நுழைந்தது. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் உட்புறக் காட்சிகள் என்று சொல்லப்பட்ட பதிவுகள் இணையத்தில் விலைக்கு வந்த செய்தி வெளியானது. கூடத்து கேமராவுக்கு இந்தப் பகுதி இன்னும் முக்கியம்.

• முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரெக்கார்டருக்கும் கைப்பேசிக்கும் தனித்தனிக் கணக்கு உருவாக்குங்கள். நிர்வாகிக் கணக்கை அன்றாடம் பயன்படுத்த வேண்டாம்.
• ரௌட்டரில் 554 என்ற ஆர்டிஎஸ்பி போர்ட்டை வெளியே திறந்துவிடாதீர்கள். அந்த ஸ்ட்ரீம் பொதுவாகக் குறியாக்கம் இல்லாமல் போகிறது. போர்ட்டைத் தானாகத் திறந்துவிடும் ‘யுபிஎன்பி’-யை அணையுங்கள். வெளியிலிருந்து பார்க்க நிறுவனத்தின் செயலியையோ விபிஎன்-ஐயோ பயன்படுத்துங்கள்.
• வேறு பிராண்டு ரெக்கார்டர் இல்லாவிட்டால் ‘ஆன்விஃப்’ இணைப்பை அணைத்து வையுங்கள்.
• வாங்கும்போதே பெட்டியில் இணையப் பாதுகாப்பு முத்திரையைப் பாருங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலைக்கே எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல் இருக்கக்கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு தரப்பட வேண்டும்.

வைஃபை பற்றியும் ஒரு குறிப்பு. ஃபைபர் இணைப்பில் 1.5 எம்பிபிஎஸ் ஒன்றுமேயில்லை. தடங்கல் வருவது ரௌட்டருக்கும் வாசலுக்கும் நடுவில். புதிய புளோக்குகளில் ரௌட்டர் பாம் ஷெல்டருக்குள் இருந்தால் அதன் தடித்த கான்கிரீட் சிக்னலை விழுங்கும். முதலில் அதை வெளியே எடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கடக்கும், ஆனால் புளோக் முழுதும் அதில் நெரியும். சேனல் 1, 6, 11 மூன்றில் காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் இழுக்க முடிந்தால் ‘பிஓஇ’ வாங்கிவிடுங்கள். மின்சாரமும் படமும் ஒரே கம்பியில் வரும்.

10. சோதனை

நேரலையில் பார்த்துச் சோதிப்பது சோதனை அல்ல. கீழ்க்கண்டவற்றைக் கார்டில் உள்ள பதிவிலிருந்து பாருங்கள்.

• இரவு பத்து மணிக்கு மேல் வீட்டார் ஒருவரைத் தொப்பி போட்டுச் சாதாரண வேகத்தில் வாசலுக்கு நடந்துவரச் சொல்லுங்கள். பதிவை நிறுத்திப் பார்த்தால் முகம் தெரிகிறதா? தெரியாவிட்டால் முதலில் ஷட்டர், அடுத்துக் கேமராவின் உயரம், கடைசியாக பிட்ரேட்.
• படத்தில் உள்ள நேரம் கைப்பேசி நேரத்தோடு நொடிவரை ஒத்துப்போகிறதா?
• மின்சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கேமரா தானாகப் பதியத் தொடங்குகிறதா? நேரம் சரியாக இருக்கிறதா?
• 30 நொடித் துண்டு ஒன்றை ஏற்றுமதி செய்து, கேமராவின் செயலி இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். காவல்துறை கேட்டால் கொடுக்க வேண்டியது இதைத்தான். கைப்பேசித் திரையைப் படம்பிடித்த காணொளியில் தெளிவு பாதியாகிவிடும்.

எல்லாம் சரியென்றால் ரெசல்யூஷன், ஃபிரேம், ஷட்டர், கோடெக், பிட்ரேட், ஐ-ஃபிரேம் ஆறையும் ஒரு தாளில் எழுதி ரௌட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். மென்பொருளைப் புதுப்பித்தபின் சில கேமராக்கள் பழையபடி தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். மாதம் ஒருமுறை, போன வாரத்தில் ஏதாவது ஒரு நாளின் அதிகாலை மூன்று மணிப் பதிவைத் தேடித் திறந்து பாருங்கள். திறந்தால் வேறு எதையும் தொட வேண்டாம். திறக்காவிட்டால் முதலில் கார்டைச் சந்தேகியுங்கள், பிறகு அந்தத் தாளோடு மெனுவை ஒப்பிடுங்கள்.